தன் கையால் போட்ட அடைவு

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் வழக்கறிஞராக உரிமம் பெற விரும்புகிறவர் இரண்டு தேர்வுகளில் தேற வேண்டும். வழக்காடும் வேலைக்கு பாரிஸ்டர் தேர்வு. வீடு, நிலம், கம்பெனி, உயில் சார்ந்த வேலைக்கு சொலிசிட்டர் தேர்வு. 1797இல் தொடங்கிய அந்த மாகாணச் சட்டச் சங்கம்தான் தேர்வை நடத்துகிறது. படிக்க வேண்டிய பாடத்தையும் அதுவே தருகிறது. நூற்றுக்கணக்கான பக்கங்கள் நீளும் அந்தப் பாடத்தை அச்செடுத்து, அடிக்கோடிட்டு, தேர்வறைக்குள்ளேயே கொண்டுபோய் மேசைமேல் விரித்து வைத்துக்கொள்ளலாம். 160 கேள்விகளுக்கு நான்கரை மணி நேரம். வகுத்துப் பார்த்தால் ஒரு கேள்விக்குச் சுமார் 101 விநாடி. கேள்வி ஒவ்வொன்றும் ஒரு சின்னக் கதையாக இருக்கும் என்பதால் படித்து முடிக்கவே அதில் கணிசமான பகுதி போய்விடும். எஞ்சிய நேரத்தில் இத்தனை பக்கங்களுக்குள் ஒரு வரியைத் தேடிப் பிடிக்க வேண்டுமானால் பொருள் அடைவு இல்லாமல் முடியாது. மாணவர்கள் அதை இண்டெக்ஸ் என்றே சொல்கிறார்கள். தேர்வு நெருங்க நெருங்க நல்ல இண்டெக்ஸ் யாரிடம் இருக்கிறது என்ற விசாரிப்பும் சூடுபிடிக்கிறது. இந்த விசாரிப்பிலேயே ஒரு பிழை இருக்கிறது என்று நினைக்கிறேன். அடைவைத் தானே போடுவதுதான் இந்தத் தேர்வுக்கான படிப்பு. பிறர் போட்டதைக் கையில் வைத்திருப்பது ஒரு வசதி. அந்த வசதியைப் படிப்பென்று எண்ணிக்கொள்வதில்தான் சிக்கல்.

வழக்கத்தில் இது எப்படி நடக்கிறது என்பதை முதலில் பார்க்கலாம். சட்டக் கல்லூரி நண்பர்கள் ஒரு குழுவாகச் சேர்கிறார்கள். பாடத்தைப் பங்கு பிரித்து, ஆளுக்கு இத்தனை பக்கம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஒவ்வொருவரும் தன் பங்கை வாசித்து, எக்செல் தாளில் பொருள், உட்பொருள், பக்க எண் என்று பத்தி பிரித்து எழுதுகிறார்கள். கடைசியில் எல்லாவற்றையும் ஒன்றாக்கி அகரவரிசைப்படுத்தினால் ஒரு தடித்த கட்டு கிடைக்கும். இதோடு, தலைப்புகளையும் துணைத்தலைப்புகளையும் வரிசை மாறாமல் விரிவாக எழுதிய பொருளடக்கம் ஒன்றும், காலக்கெடு முதலியவற்றுக்கான அட்டவணைகளும் சேரும். பாடம் ஆண்டுதோறும் திருத்தப்படுவதால் பக்க எண்கள் நகர்ந்துவிடும். போன வருட அடைவு இந்த வருடத்துக்கு உதவாது. ஆகவே ஒவ்வோர் ஆண்டும் வேலை முதலிலிருந்து தொடங்குகிறது. சேர்ந்து செய்யும் இந்த உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனால் அதன் விளைவைத் தேர்வு மேசையில் வைத்துப் பார்க்கும்போதுதான் குறை தெரிகிறது. ஒரே விஷயம் ஒருவர் கையில் 'ஒப்புதல் - வாழ்க்கைத்துணை' என்றும், இன்னொருவர் கையில் 'வாழ்க்கைத்துணை - ஒப்புதல்' என்றும், மூன்றாமவர் கையில் 'குடும்ப வீடு' என்றும் பதிவாகியிருக்கும். மூன்றும் அகரவரிசையில் மூன்று மூலைகளுக்குப் போய்விடும். ஒவ்வொன்றின் எதிரிலும் வெவ்வேறு பக்க எண். முழுப் பட்டியலும் யாருடைய மனத்திலும் இல்லை.

அந்தக் குடும்ப வீட்டையே எடுத்துக்கொள்வோம். ஒன்டாரியோ குடும்பச் சட்டத்தின் 21ஆம் பிரிவுப்படி, கணவன் மனைவி சேர்ந்து குடியிருக்கும் வீடு ஒருவர் பெயரில் மட்டும் பதிவாகியிருந்தாலும், மற்றவரின் ஒப்புதல் இல்லாமல் அதை விற்கவோ அடமானம் வைக்கவோ முடியாது. கேள்வித்தாளில் இது சட்டத்தின் சொற்களில் வராது. ஒருவர் வழக்கறிஞரிடம் வருகிறார். வீடு என் பெயரில் இருக்கிறது, வாங்க ஆள் கிடைத்துவிட்டது, இந்த மாதமே பத்திரம் முடிக்க வேண்டும் என்கிறார். மனைவி வேறு ஊரில் வேலை பார்க்கிறார் என்ற தகவல் நடுவில் ஒரு வாக்கியமாக வந்துபோகும். வழக்கறிஞர் முதலில் என்ன செய்ய வேண்டும் என்பது கேள்வி. கடன் வாங்கிய அடைவோடு உட்கார்ந்திருப்பவர் 'விற்பனை' என்று தேடுவார், பிறகு 'உரிமை மாற்றம்' என்று தேடுவார். விடை 'குடும்ப வீடு' என்ற தலைப்பின் கீழ் உட்கார்ந்திருக்கும். அந்தத் தலைப்பு நினைவுக்கு வந்துவிட்டால் விடையும் ஏறத்தாழ வந்துவிட்டது. வராவிட்டால் அடைவு கையில் இருந்தும் பயனில்லை. இந்தப் பகுதியை வாசிக்கும்போதே தன் அடைவைப் போட்டவரோ, கட்சிக்காரர் எந்தச் சொல்லோடு வருவார் என்று அங்கேயே யோசித்திருப்பார். 'விற்பனை' என்பதன் கீழ் ஒரு வரி, 'அடமானம்' என்பதன் கீழ் ஒரு வரி, 'பத்திரத்தில் பெயர் இல்லாத துணை' என்று தனியாக ஒரு வரி எழுதியிருப்பார். மூன்று வரிகளும் ஒரே பக்கத்துக்குக் கொண்டுபோகும். ஒரு செய்தியை எந்தெந்த வாசல் வழியாகத் தேடி வருவார்கள் என்று யோசித்து அத்தனை வாசலிலும் பெயர்ப்பலகை மாட்டுவது அடைவுக்காரரின் வேலை. ஒருவர் சொல்லும் வீட்டுக்கதைக்குள்ளிருந்து சட்டத் தலைப்பைக் கண்டெடுப்பது வழக்கறிஞரின் வேலை. இரண்டுக்கும் வேண்டியது ஒரே பயிற்சிதான்.

காலக்கெடுவில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். ஒன்டாரியோவில் பொதுவான வழக்குக்கு, 2002ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டப்படி, பாதிப்பு தெரியவந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு; எப்போது தெரியவந்தாலும் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் போக முடியாது. நகராட்சி சரியாகப் பராமரிக்காத சாலையில் விழுந்து அடிபட்டவர் பத்து நாளுக்குள் எழுத்தில் அறிவிப்புத் தர வேண்டும். செய்தித்தாள் அவதூறுக்கு ஆறு வாரத்துக்குள் அறிவிப்பு. இறந்துபோனவரின் தரப்பிலோ அவர்மீதோ தொடுக்கும் தீங்கியல் வழக்குக்கு இறந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு. பிரிந்த தம்பதியின் சொத்துச் சமன்பாட்டுக் கோரிக்கைக்குப் பிரிந்த நாளிலிருந்து ஆறு ஆண்டு, விவாகரத்திலிருந்து இரண்டு ஆண்டு, துணை இறந்தால் ஆறு மாதம் என்று மூன்று கணக்கு. எது முந்துகிறதோ அதுவே எல்லை. கட்டட வேலை செய்தவர் தன் கூலிக்காகச் சொத்தின் மீது பற்றுரிமை பதிய 60 நாள், அதை உறுதிசெய்து வழக்காக்க மேலும் 90 நாள். இவை பாடத்தில் வெவ்வேறு இயல்களில், ஒன்றையொன்று பார்க்காமல் கிடக்கின்றன. 'காலக்கெடு' என்று ஒரு தலைப்பை உண்டாக்கி இவற்றையெல்லாம் அதன் கீழ் கொண்டுவந்து நிறுத்துகிறவருக்கு, பத்து நாளுக்கும் பதினைந்து ஆண்டுக்கும் நடுவே எத்தனை படிகள் என்பதும், எங்கே தவறினால் கட்சிக்காரர் வழக்கையே இழந்துவிடுவார் என்பதும் கண்ணில் படுகின்றன. பாடநூலை வரிசையாக வாசிக்கிறவருக்கு இது கிடைப்பது அரிது. முடிந்த அட்டவணையை அச்செடுத்து வைத்துக்கொள்கிறவருக்கு எண்கள் மட்டும் கிடைக்கும்.

சட்டத்துக்கும் அடைவுக்கும் உள்ள உறவு மிகப் பழையது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஓபாவா நகரத்து மார்ட்டின் என்ற டொமினிக்கன் துறவி, கிரேஷியனின் திருச்சபைச் சட்டத் தொகுப்புக்கு அகரவரிசையில் ஒரு பொருள் அடைவு தயாரித்தார். தொகுப்பு பெரிதாகி, அதை நினைவில் சுமந்தே வழக்கு நடத்துவது இயலாமல் போன காலம் அது. தானே செய்வது மனத்தில் நிற்கும் என்பதற்கு உளவியலிலும் ஆதாரம் இருக்கிறது. 1978இல் ஸ்லமெக்கா, கிராஃப் என்ற இருவர் நடத்திய சோதனைகளில், சொற்களை வெறுமனே வாசித்தவர்களைவிட, குறிப்பைக் கொண்டு சொல்லைத் தாமே உருவாக்கியவர்கள் அவற்றை நன்றாக நினைவில் வைத்திருந்தார்கள். ஆய்வகத்துச் சொற்பட்டியலிலிருந்து சட்டப் பாடத்துக்கு நேர்க்கோடு போட்டுவிட முடியாதுதான். ஆனாலும் திசை ஒன்றுதான். தலைப்பை நீங்கள் தேர்ந்தெடுத்தீர்களா, பிறர் தேர்ந்தெடுத்ததைப் படித்தீர்களா என்பது நினைவில் வித்தியாசம் ஏற்படுத்துகிறது.

இதற்கு எதிராகச் சொல்லப்படுபவற்றில் வலுவானது இது: வழக்கறிஞர்கள் வாழ்நாள் முழுவதும் பிறர் போட்ட அடைவுகளைத்தானே நம்புகிறார்கள்? தீர்ப்புத் தொகுப்பின் பொருள் வரிசையை எந்த ஜூனியரும் தானே எழுதுவதில்லை. தொழிலில் இயல்பான உழைப்புப் பங்கீட்டைத் தேர்வில் மட்டும் ஏன் மறுக்க வேண்டும்? நியாயமான கேள்வி. ஆனால் அந்தத் தொகுப்புகளை உருவாக்குகிறவர்கள் அதையே தொழிலாகக் கொண்டவர்கள்; ஒரு பொருளுக்கு ஒரு தலைப்பு என்று வரையறுத்து, மற்றத் தலைப்புகளிலிருந்து அதற்கு வழிகாட்டி, பதிப்புக்குப் பதிப்பு காப்பாற்றிவருகிறார்கள். அதைப் பயன்படுத்தும் வழக்கறிஞரும் ஆண்டுக்கணக்கில் புழங்கி அதன் சொற்பழக்கத்துக்குள் போய்விடுகிறார். சில வாரங்களில் பலர் சேர்ந்து ஒட்டிய பட்டியலுக்கு இந்த இரண்டுமே இல்லை. குழுவாகச் செய்யக்கூடாது என்று நான் சொல்லவரவில்லை. குழுவின் அடைவை வாங்கிக்கொண்டு, பாடத்தை ஒருமுறை முழுக்க வாசித்து, பக்க எண்களைச் சரிபார்த்து, தனக்குத் தோன்றும் சொற்களைச் சேர்த்து, தேவையற்றதை அடித்துவிட்டால் அது பாதி தன்னுடையதாகிவிடும். அந்த ஒரு வாசிப்பை மிச்சப்படுத்தத்தான் பலரும் அடைவைத் தேடுகிறார்கள் என்பதே என் வருத்தம்.

இரண்டாவது ஆட்சேபணை எனக்கு இன்னும் கனமாகப் படுகிறது. எல்லோருக்கும் நேரம் இருக்கிறதா? குழந்தை வளர்க்கிறவர், இரவு வேலைக்குப் போகிறவர், வேறு நாட்டில் சட்டம் படித்துவிட்டு கனடாவுக்குப் போய்த் தகுதிச் சான்று பெற்றுத் தேர்வுக்கு வருகிறவர் ஆகியோர் வாரக்கணக்கில் அடைவு போட்டுக்கொண்டிருக்க முடியுமா? வெளிநாட்டில் சட்டம் படித்தவர்களை மதிப்பிடுவதற்கென்றே கனடாவில் ஒரு தேசியக் குழு இருக்கிறது. இந்தியாவில் படித்த தமிழர்களும் இலங்கையில் படித்த தமிழர்களும் அந்த வழியாகத்தான் உள்ளே வர வேண்டும். அவர்களுக்குக் கல்லூரி நண்பர் குழு கிடையாது. காசு கொடுத்து வாங்குவதுதான் அவர்களுக்கு எஞ்சியிருக்கும் வழி, விற்பவர்களும் இருக்கிறார்கள். அடைவு வாங்குவது குற்றமில்லை. ஆனால் தயாரிப்பு என்பதே கடைச்சரக்காகிவிட்டால் அடுத்த படி எங்கே போகும் என்ற கவலை வருகிறது. 2022 மார்ச்சில் நடக்கவிருந்த தேர்வைச் சட்டச் சங்கம் நிறுத்தியது. கேள்விகள் முறைகேடாக வெளியே போயிருப்பதற்கு வலுவான அறிகுறிகள் இருப்பதாக அறிவித்து, பெருந்தொற்றுக் காலத்தில் இணையவழிக்கு மாறியிருந்த தேர்வை மறுபடி நேரில் எழுதும் முறைக்குக் கொண்டுவந்தது. அடைவு வாங்கியவர்களை அந்த முறைகேட்டோடு சேர்த்துப் பேசுவது அநியாயம். நேரமில்லாதவருக்கு என்னிடம் உள்ள பதில் இதுதான்: முழு அடைவு போட முடியாவிட்டால் ஒரு பாடத்துக்காவது போடுங்கள். இரண்டு தேர்வுகளிலும் வரும் தொழில்நெறிப் பகுதி அதற்குப் பொருத்தமானது. ஒரே வழக்கறிஞர் கடன் கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் சேர்ந்து வேலை பார்க்கலாமா, கட்சிக்காரர் சொன்ன ரகசியத்தை எப்போது வெளியிடலாம் என்பன போன்ற கேள்விகள், எந்தத் துறைக்குப் போனாலும் பின்னாலேயே வரும். அந்த ஒரு பகுதியில் கைபழகினால் மற்றப் பகுதிகளில் பிறர் அடைவைப் பயன்படுத்தும் திறமையும் கூடும்.

கணினியில் ஒரு சொல்லைத் தட்டினால் போதாதா, இனி அடைவு எதற்கு என்பவர்களும் உண்டு. அச்சுத்தாளோடு தேர்வறைக்குள் உட்காருகிறவருக்கு அந்த வசதி இல்லை என்பது சின்னப் பதில். தேடுபொறி எழுத்துகளைத்தான் தேடுகிறது என்பதே முக்கியமானது. மனைவி வேறு ஊரில் வேலை பார்க்கிறார் என்று நீங்கள் தட்டினால் 21ஆம் பிரிவு வராது. செயற்கை நுண்ணறிவு அதையும் கொண்டுவந்துவிடும் என்றால், 2023 ஜூனில் நியூயார்க்கின் ஃபெடரல் நீதிமன்றம் ஒன்று விதித்த 5,000 டாலர் அபராதத்தை நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது. சாட்ஜிபிடி கற்பனையாக உண்டாக்கிக் கொடுத்த தீர்ப்புகளை வழக்கறிஞர்கள் அப்படியே மனுவில் சேர்த்துத் தாக்கல் செய்திருந்தார்கள். அந்தத் தீர்ப்புகளை எடுத்துப் படிக்கப் போயிருந்தால் அவை இல்லை என்பது அன்றைக்கே தெரிந்திருக்கும். அடைவு எந்தக் கேள்விக்கும் விடை சொல்வதில்லை; பக்க எண்ணைச் சொல்லி, போய்ப் படித்துக்கொள் என்று அனுப்புகிறது. மூலத்தைப் புரட்டாமல் ஒரு அடி நகர முடியாத இந்தப் பழக்கத்தைவிட நல்ல பழக்கம் சட்டத் தொழிலுக்கு இல்லை.

இப்படித் தேடவைக்கும் தேர்வு வேகத்தைத்தானே அளக்கிறது, சட்ட அறிவை அளக்கவில்லையே என்ற குறையில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் வேறொன்றும் தெரிகிறது. 160 கேள்விகளில் 80க்குப் புத்தகத்தைத் தொடாமல் ஒரு நிமிடத்தில் விடையளிக்க முடிந்தால், மீதமிருக்கும் 190 நிமிடத்தில் மற்ற 80 கேள்விகளுக்குத் தலா 2 நிமிடம் 22 விநாடி கிடைக்கும். தேடிப் படித்து யோசிக்க அது போதும். எல்லாவற்றையும் தேடுகிறவருக்கோ 101 விநாடிதான். அவர் முதல் ஒரு மணி நேரத்திலேயே பின்தங்கிவிடுவார். ஆக, எதைத் தேட வேண்டும், எதைத் தேட வேண்டாம் என்று தெரிந்தவருக்குத்தான் இந்தத் தேர்வு இடம் கொடுக்கிறது. அடைவு போட்டவர் தேர்வறையில் அதை மற்றவர்களைவிடக் குறைவாகத்தான் புரட்டுவார். பாதி செய்தி எழுதும்போதே மனத்தில் ஏறிவிட்டிருக்கும்.

இந்தியாவில் நிலைமை வேறு. இங்கே பார் கவுன்சில் நடத்தும் அகில இந்திய பார் தேர்வு 2011 மார்ச்சில் தொடங்கியது. அதை நடத்தும் அதிகாரம் பார் கவுன்சிலுக்கு உண்டு என்று 2023 பிப்ரவரி 10 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு உறுதிசெய்தது. 100 கேள்விகள், தமிழிலும் எழுதலாம். இதுவும் புத்தகம் திறந்த தேர்வாகவே தொடங்கியது. ஆனால் இப்போது குறிப்புரை இல்லாத வெறும் சட்ட நூலான பேர் ஆக்ட்டை மட்டும்தான் உள்ளே கொண்டுபோக முடியும். கையால் போட்ட அடைவுக்கு அனுமதி இல்லை. அப்படியானால் அடைவு போடுவது வீண் என்று முடிவுகட்டிவிடலாமா? 2024 ஜூலை 1 அன்று மூன்று புதிய குற்றவியல் சட்டங்கள் நடைமுறைக்கு வந்தபிறகு அப்படிச் சொல்ல முடியாது. அதுவரை நம் வழக்கறிஞர்கள் எண்களிலேயே பேசி வந்தார்கள். 302 என்றால் கொலை, 420 என்றால் மோசடி. 144 என்றால் கூட்டம் கூடத் தடை என்பது டீக்கடையில் செய்தித்தாள் வாசிப்பவருக்கும் தெரியும். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 144ஐத் திறந்தால் மனைவி, பிள்ளைகள், பெற்றோருக்கான ஜீவனாம்சம் இருக்கிறது. தடை உத்தரவு 163க்குப் போய்விட்டது. பழைய நடைமுறைச் சட்டத்தின் 482 உயர் நீதிமன்றத்தின் உள்ளார்ந்த அதிகாரம். புதியதில் அதே 482 முன்ஜாமீன், உள்ளார்ந்த அதிகாரம் 528. புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் கொலைக்கான தண்டனை 103. அதன் 302, மத உணர்வைப் புண்படுத்தும் எண்ணத்தோடு பேசுவதைப் பற்றியது. எண்ணை மனப்பாடம் செய்தவர் தவறான பக்கத்துக்கு முழு நம்பிக்கையோடு போவார். முன்ஜாமீன், ஜீவனாம்சம், தடை உத்தரவு என்று பொருளின் வழியாகப் பழகியவருக்குப் புது எண்ணைக் கற்றுக்கொள்ள நாளாகாது. தேர்வறைக்குக் கொண்டுபோக முடியாவிட்டாலும், படிக்கும் காலத்தில் வீட்டில் உட்கார்ந்து போட்ட அடைவு இந்த வழியாகத்தான் கைகொடுக்கிறது.

பேர் ஆக்ட் மட்டும்தான் அனுமதி என்பதால், அந்தப் புத்தகத்துக்குள் என்ன இருக்கிறது என்பது இங்கே இன்னும் முக்கியமாகிறது. மலிவுப் பதிப்புகள் பலவற்றில் முன்னால் பிரிவுகளின் வரிசைப் பட்டியல் மட்டும் இருக்கும். பின்னால் பொருள் அடைவு இருக்காது. வரிசைப் பட்டியல், சட்டத்தின் அமைப்பை ஏற்கெனவே அறிந்தவருக்குத்தான் உதவும். முதல் தலைமுறையாகச் சட்டம் படித்து, தமிழிலேயே தேர்வெழுதும் மாணவருக்கு 'ஜீவனாம்சம்' என்று தேடினால் பிரிவு கிடைக்க வேண்டும், 'பராமரிப்பு' என்று தேடினாலும் அதே பிரிவு கிடைக்க வேண்டும். புதிய சட்டங்களைத் தமிழில் வெளியிடும் பதிப்பாளர்கள் தேர்ந்த வழக்கறிஞர் ஒருவரை அமர்த்தி, ஒவ்வொரு பேர் ஆக்ட்டின் பின்னாலும் பத்துப் பக்கமாவது தமிழ்ப் பொருள் அடைவு சேர்க்க வேண்டும். அச்சிட்ட அடைவு குறிப்புரை ஆகாது என்று பார் கவுன்சிலும் தன் தேர்வு அறிவிப்பில் ஒரு வரி தெளிவாக எழுத வேண்டும். அதுவரை, அடுத்த தேர்வுக்குத் தயாராகிறவர்கள் வெள்ளைத்தாளில் மூன்று பத்தி பிரித்து, நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் ஜாமீன் அத்தியாயத்திலிருந்து தொடங்கலாம்.